சேரப்பணஞ்சேரி வீட்டுச் சுவரில் என் தம்பி

1

ஒரகடத்திலிருந்து படப்பை போகும் ரோட்டில், சேரப்பணஞ்சேரிப் பக்கம் திரும்புகிற இடத்தில் போன மாதம் ஒரு பெயர்ப்பலகை முளைத்தது. பரந்தன் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வந்த ஷேர் ஆட்டோவில் நான் நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தார்.

“இன்னாபா இது, புது ஸ்டாப்பிங்கா? எந்தக் கம்பெனிக்கு?”

“சினிமா ஷூட்டிங்ணே. சிலோன் மாதிரி காட்டப் போறாங்களாம்” என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார்.

என்னுடைய இடம் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி. ஆனால் அங்கேயே இறங்கிவிட்டேன். பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நின்றேன். இலங்கையில் இருக்கும் நிஜப் பரந்தன் சந்தியில் இறங்கினால் அம்மாவிடம் நடந்தே போய்விடலாம். இந்தப் பரந்தனில் இறங்கினால் கார் உதிரிப்பாகக் கம்பெனியின் கேட்டுக்குத்தான் நடந்து போகலாம். செக்யூரிட்டி என்னைப் பார்த்து, “பஸ் இங்க நிக்காதும்மா” என்றார். நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எழுதுகிறவர்களை வாசித்துப் பழகிய உங்களுக்கு என்னுடைய வெளிநாடு சப்பென்று இருக்கும். இங்கே பனி கொட்டாது. கதைக்கிறதும் தமிழ்தான். மன்னாரிலிருந்து படகேறி வந்த தூரம் உங்களுக்கே தெரியும். இருந்தும் அம்மாவின் முகத்தைக் கடைசியாகத் தொட்டு ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது. பக்கத்தில் இருக்கிற வெளிநாடுதான் பொல்லாதது. தூர தேசத்துக்காரர் லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துபோகிறார்கள். பாஸ்போர்ட் இல்லாத நான் ஒரு வாரம் மதுரைக்குப் போவதென்றாலும் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டரிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் தங்கும் பெண்கள் விடுதி ஒன்றில் நான் வார்டன். என் மனுஷன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மகள் கவி இங்கே பிறந்தவள். பிளஸ் டூ படிக்கிறாள். காலை ஷிஃப்டுக்குப் பிள்ளைகள் பஸ் ஏறிய பிறகு விடுதி அமைதியாகும். அந்த அமைதியில் எழுதி எழுதித்தான் ஒரு நாவல் முடித்தேன். சண்டையும் எங்கள் குடும்பமும்தான் கதை. அதைத்தான் இப்போது படமாக எடுக்கிறார்கள்.

2

இயக்குநர் நவீன் சென்னைப் பிள்ளை. முப்பது வயசிருக்கும். நாவலைப் படித்துவிட்டு விடுதி வாசலில் வந்து நின்றான். ஆண்களை உள்ளே விடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் என் குடும்பத்தின் தலைவிதி பேசி முடிக்கப்பட்டது.

ஒப்பந்தம் போடும் நாளில் அவனுடைய மேனேஜர் ஆதார் கேட்டார். நான் அகதி அட்டையைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேடம், இதுல நீங்க ரைட்டர்னு எங்கயும் போடலையே” என்றார். போட மாட்டார்கள் என்றேன்.

நாவல் படமாகும்போது என்ன நடக்கும் என்று உங்களில் யாராவது கேட்டால் என்னிடம் வாருங்கள். என் நாவலில் குடும்பத்தில் ஏழு பேர், படத்தில் நாலு. இரண்டு மாமாக்களையும் ஒரு பெரியப்பாவையும் பிசைந்து ஒரே ஆளாக்கிவிட்டார்கள். அந்த ஆளும் பாதியிலேயே செத்துப்போகிறார். ஐந்து முறை இடம்பெயர்ந்தோம். படத்தில் ஒரு முறை. விமானம் வராது, சத்தம் மட்டும் வரும், ஏனென்றால் சத்தம் மலிவு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நவீன் கெட்டவன் இல்லை. பங்கர் செட்டுக்குச் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். நாங்கள் சேலைகளை வெட்டிப் பை தைத்துத்தான் மண் நிரப்பினோம், அம்மாவின் கூறைச்சேலையும் அப்படித்தான் போனது என்று சொன்னேன். மறுநாள் வந்து பார்த்தால் பங்கர் முழுக்கச் சேலை. பச்சையும் ஊதாவும் சரிகைக் கரையுமாக மண் மூட்டைகள். அதைப் பார்த்து நின்று அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்ற வராதது நல்லதாய்ப் போயிற்று.

கவிக்கும் ஒரு சின்ன வேடம் கொடுத்தார்கள். தன் வயதுப் பிள்ளையாக, அதாவது அப்போதைய நானாக, இரண்டு வசனம். “அம்மா, சாமான் எல்லாம் கட்டியாச்சு, வெளிக்கிடுவம்” என்று அவள் சொல்ல வேண்டும். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நான் என் பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். நாலு முறை “கிளம்பலாம்மா” என்றாள்.

“நீ வூட்ல இப்டிப் பேசவே மாட்டியேம்மா, போன்ல பாட்டிகிட்ட மட்டுந்தான் பேசற” என்று என்னிடமே குறைப்பட்டாள்.

அவள் சொன்னது சரி. விடுதியில் இருபது வருஷமாக நான் ‘வாங்க போங்க’ என்று பேசிப் பேசி, என் நாக்குக்கு ஊர் இருப்பது காலையில் அம்மாவின் அழைப்பு வரும் அரை மணி நேரம் மட்டும்தான்.

3

தம்பி சீலனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் படகேறும்போது அவனுக்கு மீசை அரும்பிய வயசு. “அக்கா, நீ போ. நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுறன்” என்றான். சண்டை முடிந்த வருஷம், கடைசி நாட்களில், சனத்தோடு சனமாக வெளியே வரும்போது அம்மாவின் கையிலிருந்து அவனைத் தனியாகப் பிரித்து ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் போன திசை வரை அம்மாவுக்குத் தெரியும். அதற்கு மேல் இன்று வரை ஒருவருக்கும் தெரியாது.

அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவின் வீட்டில் அப்பாவின் படம் சாமிப் படங்களுக்குக் கீழே இருக்கிறது. அதற்குச் சந்தனம், மாலை, விளக்கு. சீலனின் படம் எதிர்ச் சுவரில், கலண்டருக்குப் பக்கத்தில். அதற்குப் பொட்டும் இல்லை, பூவும் இல்லை. அம்மா தினமும் சேலைத் தலைப்பால் தூசு மட்டும் துடைப்பா. ஊரில் பிள்ளையைத் தொலைத்த எந்தத் தாயின் வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களுக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டா.

படத்தில் மகனாக யாரும் நடிக்கவில்லை. வளர்ந்த மகன் சுவரில் ஒரு புகைப்படமாக மட்டும் வருவான் என்று நவீன் முடிவு செய்தான். உண்மையான படத்தைத் தர முடியுமா என்று கேட்டான். என்னிடம் சீலனின் ஸ்டூடியோப் படம் ஒன்று உண்டு. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷம், ஆற்றோரத்து வாடகை வீட்டில் இடுப்பளவு தண்ணீர் வந்தபோது, பிளாஸ்டிக் பையில் சுற்றி என் தலையில் வைத்துக் காப்பாற்றிய படம் அது. அம்மாவிடம் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை.

காலை வீடியோ அழைப்பில் கேட்டபோது மாட்டேன் என்பா என்றுதான் நினைத்தேன். அம்மா உடனே எழும்பி உட்கார்ந்தா.

“குடு பிள்ளை, குடு. படம் எல்லா நாட்டுக்கும் போகும் எண்டுறாய். எங்கயாவது ஒரு மறியல்ல, ஒரு சிறையில அவனோட இருந்த ஆள், எங்கயாவது ஒரு ஆஸ்பத்திரியில கண்ட ஆள், ஆராவது பார்ப்பினம். ஐயோ, இந்தப் பொடியனை எனக்குத் தெரியுமே எண்டு சொல்லுவினம். சொல்லாமல் இருப்பினமோ?”

அன்று முதல் காலை அழைப்பில் அம்மாவின் முதல் கேள்வி அதுதான். “அவன்ர படத்தைச் சுவரில கொழுவிட்டினமோ?”

4

இடப்பெயர்வுக் காட்சிக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. என் விடுதியில் லீவில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம். மூட்டையைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னால், பாவங்கள், ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வரிசை பிடித்து நடந்தார்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகிற நடை. உதவி இயக்குநர் தொண்டை கிழியக் கத்தினார், “லைன் வேணாம்மா, லைன் வேணாம்!” கலைந்து நின்றார்கள். ‘ஆக்‌ஷன்’ என்றதும் மறுபடி லைன்.

தென்காசி மாரி என்னிடம் வந்தாள். “எக்கா, இம்புட்டுச் சாமானையும் தூக்கிட்டு எங்க போறதுக்கு? எங்கன்னு தெரிஞ்சாத்தான நடக்க வரும்?”

“எங்களுக்கும் தெரியாது மாரி. முன்னுக்குப் போறவனுக்கும் தெரியாது” என்றேன்.

அவள் போய் மற்றவர்களிடம் என்ன சொன்னாளோ, அடுத்த முறை நடந்தபோது வரிசை கலைந்திருந்தது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டதால் ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். யார் இவர்கள் என்று கேட்டார். “அகதிங்க சார், சினிமாவுக்கு” என்றார் மேனேஜர். கான்ஸ்டபிள் ஓரமாக நின்ற என்னைக் கண்டுவிட்டார். பதிவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிற முகம்.

“நீங்க இன்னாமா இங்க?”

“நான் நிஜ அகதி சார்” என்றேன்.

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

5

குடும்பத்தின் வீடாகக் காட்ட சேரப்பணஞ்சேரியில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரி வசந்தி. அவளுடைய புருஷன் கம்பெனி கேன்டீனில் சமையல். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சினிமாக்காரர்கள் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் முகம் கோணாத மனுஷி. எல்லாருக்கும் மோர் கொடுப்பாள்.

சீலனின் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவள் வீட்டு நடுச் சுவரில் மாட்டினார்கள். அடுத்த இரண்டு நாள் விடுதியில் தண்ணீர் லாரிப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் போய் வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தம்பியின் நெற்றியில் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்க ஒரு மல்லிகைச் சரம். கீழே பலகையில் ஒரு காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“இது ஆர் செய்தது?” என்று கத்தினேன். இருபது வருஷம் பூசிய சென்னைப் பேச்சு ஒரே நொடியில் உதிர்ந்துவிட்டது.

வசந்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். “நான்தாங்க்கா. இன்னாக்கா, இன்னா ஆச்சு?”

“ஏன் வைச்சனீங்கள்?”

“இன்னாக்கா இப்டிக் கேட்டுட்ட? யாரு இந்தப் புள்ளன்னு கேட்டேன். சண்டைல போச்சு, திரும்பி வரவே இல்லன்னாங்க. வாழ வேண்டிய புள்ள. மூஞ்சப் பாரு, எம்மாம் களையா கீது. அத்த மொட்டையா மாட்டி வெச்சிகினு நான் எப்படிக்கா சோறு துன்றது? என் வூட்ல கீற வரைக்கும் என் புள்ளதான். அதான் தெனம் காலைல குளிச்சிட்டு வெளக்கேத்திப் பூ வெக்கிறேன்.”

அவளை நான் என்ன சொல்ல? பெற்ற தாயே செய்யாததை, யாரென்றே தெரியாத என் தம்பிக்கு அன்பினால் செய்திருக்கிறாள். கோபம் போன இடத்தில் ஒரு பயம் வந்தது. எடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லும் தெம்பு அப்போது இல்லை.

“டைரக்டர் சார் தொடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாருக்கா” என்றாள்.

6

நவீனை லைட்டுகளுக்கு நடுவில் பிடித்தேன். அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“அக்கா, நானே உங்களுக்கு போன் பண்ணணும்னு இருந்தேன். படத்தோட கடைசி ஷாட் கிடைச்சிடுச்சு. அந்த வெளக்கு, அந்தப் பூ, அப்படியே கிட்டப் போறோம், முகத்துல முடிக்கிறோம். நான் எழுதியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது.”

“என்ர நாவல் அப்பிடி முடியேல்லை, தம்பி.”

“உங்க நாவல் முடியவே இல்லையேக்கா! அந்த அம்மா வாசல்ல உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான். படிக்கிறவங்க புத்தகத்த மூடிட்டு யோசிப்பாங்க. தியேட்டர்ல லைட்டப் போட்டதும் எழுந்து போயிடுவாங்க. ஒரு முடிவு வேணும்ல?”

அம்மா எதற்காகப் படத்தைக் கொடுத்தா என்று சொன்னேன். எங்காவது ஒரு ஆள் பார்த்து, இவனை எனக்குத் தெரியும் என்று சொல்லக் காத்திருக்கிற மனுஷி. பூவும் பொட்டும் போட்ட முகத்தைப் பார்த்தால் அந்த ஆள் என்ன நினைப்பான்? தெரிந்த பையன், பாவம், செத்துவிட்டானாம் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வான். அம்மாவுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வாய்தான்.

நவீன் என்னை வாசற்படிக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். மெதுவாகக் கேட்டான்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க நம்புறீங்களா? அவரு இருக்காருன்னு?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. நாவலின் கடைசிப் பக்கத்தைத் திறந்தபடி விட்டது அம்மா வாசித்தால் என்ன ஆவா என்று பயந்துதான். ‘ஓம்’ என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். “நாளைக்குக் காலைல அந்த ஷாட்டுக்கா” என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் உற்சாகம் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவளுக்கு அதற்கு மேல் பேச இடமும் இல்லை.

7

மறுநாள் காலை. வசந்தி குளித்து ஈரக் கூந்தலோடு புதுச் சரம் கட்டித் தம்பிக்குப் போட்டிருந்தாள். கேமராவைச் சுவருக்கு நேராக வைத்துவிட்டார்கள். என் கைப்பையில் போன் அடித்தது. அம்மாவின் நேரம்.

எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன். எடுத்து நவீனின் கையில் கொடுத்தேன்.

“அம்மா கேட்கிறா, படத்தைக் கொழுவியாச்சோ எண்டு. நீங்களே காட்டுங்கோ, தம்பி.”

அவன் போனைத் தணல் மாதிரிப் பிடித்துக்கொண்டு திணறினான். திரையில் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஆர், டைரக்டர் தம்பியோ? சாப்பிட்டீங்களோ ராசா? எங்க, என்ர பிள்ளையின்ர படம்?” என்றா. வேறு வழியில்லாமல் அவன் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

போனிலிருந்து சத்தம் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“ஆர் பூ வைச்சது?” என்று அம்மா கேட்டா.

வசந்தி என்னைப் பார்த்தாள். அந்தக் குரலிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்ட முன்னால் வந்தாள். “நான்தாம்மா. எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. மன்னிச்சிக்கம்மா.”

“அழாதை பிள்ளை. ஆரோ பெத்த பிள்ளைக்குத் தினமும் பூக் கட்டியிருக்கிறாய். உன்னை நான் ஏசுவனோ? எனக்கு ஒண்டு செய். அந்தப் பூவை எடுத்து உன்ர தலையில வை.”

லைட்பாய்கூட திரும்பிப் பார்த்தார். வசந்தியின் கை பாதி வழியில் நின்றது. இறந்தவர் படத்துப் பூவை எந்தச் சுமங்கலி தலையில் வைப்பாள்? அதுவும் மகளுக்குக் கல்யாணம் பேசும் வீட்டில். அவள் கழுத்துத் தாலியைத் தன்னையறியாமல் தொட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“பயப்பிடாதை, பிள்ளை” என்றா அம்மா. “அவன் இருக்கிறான். உயிரோட இருக்கிற பிள்ளையின்ர பூ அது. உனக்கு ஒரு குறையும் வராது.”

வசந்தி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எட்டிச் சரத்தை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். ஈரக் கூந்தலில் வைத்து, ஹேர்பின் எடுத்துக் குத்தினாள். அதோடு விடவில்லை. முந்தானையை நாக்கால் நனைத்து, கண்ணாடியிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தாள். விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே சாமி அறைக்குப் போனாள். திரும்பி வந்து போனுக்கு நேராகத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்.

“வடிவாய் இருக்கு” என்றா அம்மா.

நவீன் கேமராக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தான். லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பகல் வெளிச்சத்தில் சீலனின் முகம் வெறுமனே சுவரில் இருந்தது.

“தம்பி, கொஞ்சம் கிட்டக் காட்டுங்கோ” என்றா அம்மா. நவீன் கிட்டப் போனான். அம்மா வெகு நேரம் பார்த்தா. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா. நான் போய் நவீனின் தோளருகே, திரைக்குள் முகம் தெரிய நின்றேன்.

“இப்ப அவனுக்கும் நரைச்சிருக்கும், என்ன?”

நேற்று என்னிடம் கேள்வி கேட்டவன் போனைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

“ஓமம்மா” என்றேன். “காதடியில. அப்பாவுக்கும் அங்கதானே முதல்ல நரைச்சது.”